மச்சாளுக்கு நான் சொன்ன முடிவு

"முடிவச் சொல்லுகா. இப்பவே சொல்லு."

மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயா மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். தலையை மழித்துவிட்டதில் அவளுடைய காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. பச்சைச் சட்டை, புறங்கையில் பிளாஸ்டர், டெட்டோல் வாசம். சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி இன்னும் வரவில்லை. எந்த நேரமும் வரலாம்.

அவள் கேட்டது தன்னுடைய முடிவை அல்ல. அதற்கு டொக்டர்மாரிடமே பதில் இல்லை. அவள் கேட்டது ஒரு தொலைக்காட்சித் தொடரின் முடிவை.

ஜெயா மச்சாள் என் கணவரின் தங்கை. அதற்கு முன்பே என் வகுப்புத் தோழி. அண்ணனைக் கட்டு என்று என்னிடம் சொன்னவளே அவள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரேயொரு சட்டம் இருக்கிறது. படமோ, நாவலோ, சித்திரக்கதையோ, முதலில் பார்த்தவள் முடிவைச் சொல்லக்கூடாது. சட்டம் போட்டவளும் அவள்தான். பெற்ற மகள் ஒரு துப்பறியும் கதையின் கொலைகாரனைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உளறிவிட்டாள் என்று ஒரு கிழமை அந்தப் பிள்ளையோடு முகம் கொடுத்துக் கதைக்காதவள்.

அப்படிப்பட்டவள் முடிவைச் சொல்லு என்கிறாள். அவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது.

வயசுக்கேற்ற வேலையா இது?

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் பேய்ப்பட ரசிகை என்று ஒரு வரி எழுதப்போய், வீதியில் போகிறவர் வருகிறவர் எல்லாம் மறித்துக் கேட்கிறார்கள். "மிஸ், நீங்களா? இந்த வயசிலயா?" ஓம், நான்தான். நாவற்குடாவில் வீடு, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை. அலுமாரிக்குள் நிற்கிற எலும்புக்கூட்டுக்குத் தூசு தட்டுவதும் என் பொறுப்பு. எனக்குப் பேய் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

மாமி மருமகள் சண்டை போடும் நாடகங்களை என்னால் ஐந்து நிமிடம் பார்க்க முடியாது. அது சொந்தத்துக்குள்ளேயே கிடைக்கிறது. எனக்கு வேண்டியது செத்தவன் எழும்ப வேண்டும், அல்லது வேற்றுக்கிரகத்திலிருந்து ஏதாவது இறங்க வேண்டும், குறைந்தது ஒரு கொலையாவது விழ வேண்டும். ஜெயா மச்சாளுக்கும் அதே பைத்தியம். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள் மேர்வின் அண்ணன்.

மேர்வின் அண்ணன் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். டவுனில் முன்பு சீடி கடை வைத்திருந்தார். இப்போது அதே கடையில் போட்டோகொப்பி அடிக்கிறார், போனுக்குக் கவர் விற்கிறார். ஆனால் மேசை லாச்சிக்குள் எங்களுக்கென்று எப்போதும் ஆளுக்கொரு பென் டிரைவ் கிடக்கும். அதில் உள்ளதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

"தங்கச்சி, இது நல்ல சாமான். தனிய இரிந்து பாக்காத," என்று சொல்லித் தருவார். அவர் அப்படிச் சொன்னால் அது குப்பைப் படம். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டித் தந்தால்தான் பயங்கரம்.

அண்மையில் தலையாட்டித் தந்தது ஒரு இந்தோனேசியப் படம். வீட்டில் ஒரு கதவு தானாகத் திறக்கிறது. குடும்பமே வரிசையாக நின்று பார்க்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. முக்கால்வாசிப் படம் இதுதான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜெயா மச்சாளோ சிரிக்கிறாள். "நம்மட வீட்டுக் கதவு தானாத் திறந்தா, 'ஆரது?' எண்டு கேட்டுப்போட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தில வெச்சிரிப்பம். பேய்க்கே வெக்கம் வந்திரிக்கும்," என்றாள். பிறகு எப்படி நான் பயப்படுவது?

மூன்று, இரண்டு, ஒன்று

அவள் இருப்பது செட்டிபாளையத்தில். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கொடுப்பார்கள். அவளுக்கு அவளுடைய அம்மாவின் வளவு, எனக்கு என் அம்மாவின் வளவு. இரண்டு பேரும் சமைக்க வேண்டும், ஆடுகோழி பார்க்க வேண்டும். ஒரு படத்துக்காக பஸ் ஏறிப் போய்வர ஏலாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போன் எடுப்பாள். ஸ்பீக்கரில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். "மூண்டு, ரெண்டு, ஒண்டு, அமத்து!" இரண்டு வீட்டிலும் ரிமோட்டை அமத்த, ஒரே நேரத்தில் படம் தொடங்கும்.

ஒரே நேரம் என்று சொன்னது பொய். அவளுடைய டிவி கிழண்டு போனது. பென் டிரைவை விழுங்கி, ஒள்ளம் நேரம் யோசித்து, பிறகுதான் படத்தைத் துப்பும். அதனால் பேய் முதலில் நாவற்குடாவுக்குத்தான் வரும். நான் அலறுவேன். அந்தப் பக்கம் அவள் "வருதோ? வருதோ?" என்று கேட்பாள். பிறகு போனுக்குள்ளே அவளுடைய அலறல் வரும். என் அலறலைக் கேட்டு ஆயத்தமாக இருந்தாலும் அவள் அலறுவதில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். இரண்டு அலறலும் முடிந்த பிறகுதான் இவர் பத்திரிகையைப் புரட்டுவார். "ரெண்டு பேரும் முடிஞ்சிதா? நான் ஒள்ளம் நித்திரை கொள்ளட்டா?"

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. அவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர உலகத்தில் எல்லாமே கற்பனை.

உப்புச் சுரங்கம்

இந்த வருடம் எங்கள் இருவரையும் பிடித்து ஆட்டியது 'உப்புச் சுரங்கம்' என்ற தொடர். எந்த நாட்டுத் தொடர் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பனி கொட்டுகிற நாடு, அவ்வளவுதான். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசித்துக்கொண்டுதான் பார்த்தோம்.

கதை இதுதான். ஒரு மலையூரில் உப்புச் சுரங்கம் இடிந்து விழுகிறது. கொஞ்சக் காலம் கழித்து, உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகக் கயிறு பிடித்து மேலே ஏறி வருகிறார்கள். அதே முகம், அதே உடுப்பு, அதே இருமல். ஆனால் சிலருக்குள்ளே இருப்பது அவர்கள் இல்லை. யார் உண்மை, யார் பொய் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஏறி வருகிறவரிடம் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார்கள், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை. சரியாகச் சொன்னால் கட்டிப்பிடிப்பார்கள். சொல்லத் தெரியாவிட்டால் கயிற்றை வெட்டிவிடுவார்கள்.

தோமாஸ் என்று ஒரு பொறியியலாளன் மற்றவர்களைத் தேடி உள்ளே இறங்குவான். மெலிந்த ஆள், எப்போதும் கம்பளிக் குல்லா. ஜெயா மச்சாளுக்கு அவன் மேல் ஒரு இது. "என்ட மனிசனுக்குச் சொல்லிப்போடாதகா," என்பாள். அவன் மேலே வருவானா, வந்தாலும் அவனாகவே வருவானா என்பதுதான் முழுக் கதையும்.

தொடர் பாதி போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்குத் தலையிடி தொடங்கியது. பிறகு சொற்கள் காணாமல் போகத் தொடங்கின. "அந்த... சோறு கிண்டுறது... அத எடு," என்பாள், அகப்பையை நேரே பார்த்துக்கொண்டு. "பேய்ப்படம் பாத்துப் பாத்து மூள கலங்கிற்று," என்று இவர் சிரித்தார். ஸ்கான் எடுத்துப் பார்த்த பிறகு இவர் சிரிக்கவில்லை. அன்று முழுக்க கிணற்றடியில் போய் நின்றார்.

மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் ஒரு கட்டி. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். எங்களுக்கு மூச்சு வந்தது. "ஆனா இருக்கிற இடம் கொஞ்சம் கஷ்டமான இடம்," என்றார். எழும்பிய பிறகு பேச்சும் ஞாபகமும் தடுமாறலாம். சிலருக்குக் கொஞ்ச நாளில் திரும்பிவிடும். சிலருக்கு என்று தொடங்கியவர், ஜெயா மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அது ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் மத்தியானம் வழக்கம்போல் போன் அடித்தது. "அமத்துவமா?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொன்னால் அவள் பயப்படுவாள் என்று அமத்தினேன். கடைசிக்கு முந்திய பாகம் அது. டிவியில் என்ன ஓடியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கண் திரையில் இருந்தது, காது போனில் அவள் மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பொய்

இனி அந்தக் கட்டிலடிக்கு வருவோம்.

கடைசிப் பாகம் அந்தக் கிழமைதான் வந்திருந்தது. மேர்வின் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து பென் டிரைவை என் கைக்குள் வைத்துவிட்டுப் போனார். தலையைக்கூட ஆட்டவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை நான் கைப்பைக்குள் போட்டேன், அவ்வளவுதான். அவள் இல்லாமல் பார்ப்பேனா?

"நான் பாக்கல்ல மச்சாள்," என்றேன்.

"பொய் சொல்லாத. உன்ட மூஞ்சி சொல்லுது."

"சத்தியமாப் பாக்கல்ல. நீ வந்த பிறகு ரெண்டு பேரும் பாப்பம்."

"நான் வருவன். வாறது ஆரெண்டு தெரியாதெலுவா?" என்றாள். "எழும்பக்குள்ள உன்ன ஆரெண்டு எனக்குத் தெரியாட்டி, தோமாஸ் ஆரெண்டும் தெரியாது. மறுகா நீ சொல்லி என்ன? இப்ப நான் நானா இரிக்கக்குள்ள சொல்லு."

வாசலில் தள்ளுவண்டியின் சில்லுச் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றார். நான் என்ன செய்வேன்? வாயைத் திறந்தேன், கதை வந்தது.

கடைசி விளக்கும் அணைகிறது என்றேன். சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது. மேலே ஊர்ச்சனம் கத்தியோடு நிற்கிறது. தோமாஸ் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறான். உள்ளங்கை கிழிய, கைமாற்றிக் கைமாற்றி ஏறுகிறான். மேலே வந்ததும் அவனுடைய தங்கை கேள்வி கேட்கிறாள். அவன் பதில் சொல்கிறான். சரியான பதில். கத்தி கீழே விழுகிறது. தங்கை அவனைக் கட்டிப்பிடிக்கிறாள்.

நான் நாற்பது வருடமாகப் பார்த்த படம், படித்த கதை எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளிப் போட்டுக் கிண்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவனாத்தான் வந்தானா?"

"ஓம் மச்சாள். அவனேதான்."

என் மணிக்கட்டை விட்டாள். தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மூலை திரும்பும்வரை அந்தப் பெரிய காது இரண்டும் தெரிந்தன.

ஏறி வந்தவள்

கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம் என்றார் டொக்டர். இவர் அந்த நடைபாதையிலேயே குந்தி அழுதார். நான் அழவில்லை. எனக்கு வேண்டிய செய்தி அது இல்லை.

கண் திறந்தாள் என்று சொல்லி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். இவர் போய் "தங்கச்சி" என்றார். அவரைப் பார்த்தாள். பஸ்சில் பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி. நேர்ஸ் பிள்ளை என்னைக் காட்டி, "அம்மா, இவ ஆரு?" என்று கேட்டா. என்னையும் அப்படியே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மயக்கம் தெளிய நாள் எடுக்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். கல்லடிப் பாலத்தால் வீட்டுக்கு வரும்போது ஆட்டோவுக்குள் எனக்கு வந்த நினைப்பை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் நினைக்கக்கூடிய நினைப்பா அது? அதே முகம், அதே காது. ஏறி வந்தது ஆர்?

வார்டுக்கு மாற்றிய பிறகு கஞ்சி காய்ச்சிப் பிளாஸ்கில் கொண்டுபோனேன். எல்லாரும் அவளைக் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள். இது ஆரு, அது ஆரு, மகள்ட பேரென்ன. மகளின் பேரைச் சொன்னாள். வீட்டு நாயின் பேரையும் மகளின் பேர் என்றே சொன்னாள். நான் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தொடரின் பயம். கேட்டு, பதில் வராவிட்டால்?

அதனால் வாயில் வந்ததைச் சும்மா அலம்பிக்கொண்டே கஞ்சி பருக்கினேன். மழை வருமாம் மச்சாள். சூடைமீன் நல்ல மலிவாம் மச்சாள். ஆட்டுக்குட்டி செவ்வரத்தைச் செடியைத் தின்று முடித்துவிட்டதாம் மச்சாள்.

கரண்டியைக் கையால் தள்ளினாள்.

"மச்சாள்," என்றாள்.

"ஓம் மச்சாள், நான்தான்."

"அந்த... முடிவு." சொல் ஒவ்வொன்றையும் தேடி எடுத்தாள். நெற்றி சுருங்கியது. அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பொய்கா. தோமாசுக்கு... ஏழாம் பாகத்திலயே... இடக்கை போயிற்றெலுவா? அந்த... கல்லு விழுந்து. மறுகா எப்பிடி ரெண்டு கையாலயும்... கயிறு புடிச்சான்?"

ஏழாம் பாகமா? கல்லா? பிறகு நினைவு வந்தது. ஸ்கானுக்கு அடுத்த நாள் பார்த்த பாகம். நான் கண்ணைத் திறந்துகொண்டு ஒன்றும் பார்க்காமல் இருந்த பாகம். தலைக்குள் கட்டியை வைத்துக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள். கை போனதையும் பார்த்திருக்கிறாள், கல் விழுந்ததையும் பார்த்திருக்கிறாள். மண்டையைத் திறந்து மூடிய பிறகும் அந்தக் கை அவளுக்கு ஞாபகம்.

யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. கட்டிலடியில் நான் கட்டிய கதை, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

பிளாஸ்கை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மா பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டா. இவர் வெளியிலிருந்து ஓடிவந்தார். "என்ன? என்ன நடந்த?" "ஒண்டுமில்ல. கதையில பிழையாம்!" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தங்கை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கோபமாக இருப்பதைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கியது. அந்த முகத்தோடு வளர்ந்தவர் அவர்.

அவள் விடவில்லை. "எப்பிடிகா புடிச்சான்? சொல்லு."

மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு யோசித்தேன்.

"மற்றக் கையை மாத்தக்குள்ள பல்லால புடிச்சான் மச்சாள்."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் போல.

"பல்லால எண்டா... சரி," என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

இப்போது

இப்போது அவளுக்கு முடி பள்ளிக்கூடப் பொடியனுக்கு வெட்டின அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அகப்பைக்கு இன்னும் சில நேரம் பேர் வராது. அதை "கிண்டி" என்று இரண்டு வீட்டிலும் இப்போது எல்லாருமே சொல்லப் பழகிவிட்டோம். வாசிக்கக் கண் களைப்பதால், மழைக்குப் பயந்த ஒரு இயந்திரத் துப்பறிவாளனைப் பற்றிய நாவலை நான் போனில் வாசித்துக் காட்டுகிறேன். நல்ல நாவல். துப்பறிவாளன் குடைக்குக் கீழே நின்றபடியே கொலையைக் கண்டுபிடிக்கிறான். மேர்வின் அண்ணன் அவளுக்காக ஆவி ரயில் ஓட்டும் டிரைவர் ஒருவனின் சித்திரக்கதையைப் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் போட்டோகொப்பி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் தலைகாணிக்குக் கீழே வைத்திருக்கிறாளாம். "அவசரமில்ல," என்கிறாள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை யாரிடம் சொல்ல?

டொக்டர் டிவி பார்க்கலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கை காயுமுன் போன் அடித்தது. பென் டிரைவ் அவ்வளவு காலமும் என் கைப்பையிலேயே கிடந்தது. மேர்வின் அண்ணன் அவளுக்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார்.

"நீ உண்மையாப் பாக்கல்லையா?" என்று கேட்டாள்.

"உண்மையாப் பாக்கல்ல."

"அப்ப அவ்வளவையும் அந்தக் கட்டிலடியில நிண்டு நீயா கட்டினாய்?"

"ஓம்."

போனில் மூக்கை உறிஞ்சினாள். "கள்ளி," என்றாள். "சரி. மூண்டு, ரெண்டு, ஒண்டு, அமத்து!"

தோமாஸ் மேலே வந்தானா என்று எழுத மாட்டேன். நீங்கள் இன்னும் பார்க்காமல் இருக்கலாம், சட்டம் சட்டம்தான். கடைசிக்குக் கிட்ட, இருட்டில் அந்தக் கயிறு அசைகிற இடம் வந்தது. நான் அலறினேன். ஊர் கேட்க அலறினேன். பத்திரிகைக்குப் பின்னால் இவர் அசையாமல் இருந்தார்.

போனில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கிழட்டு டிவி யோசித்துக்கொண்டிருந்தது. இவர் பத்திரிகையைக் கீழே இறக்கினார். நானும் இவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு செட்டிபாளையத்திலிருந்து அவளுடைய அலறல் வந்தது.